இன்வெர்ட்டருக்குக் குங்குமம் வைத்த வீடு

என் கணவருக்குத் தண்ணீர் தாகத்தைவிடக் கௌரவ தாகம் அதிகம். ஆரணியில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் மற்றவர்களோடு நான் குடித்தனம் நடத்தியதில்லை, இவரோடு நடத்தியிருக்கிறேன். நெசவாளர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கிக் கடைகளுக்குப் போடுவது இவர் தொழில். இவருடைய அண்ணனுக்கும் அதே தொழில். ஒரே வீடாக இருந்ததை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒருவர் புதிதாக என்ன வாங்கினார் என்பது மற்றவருக்கு அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதப் புயலில் ஊர் இருட்டானது. கம்பங்கள் சாய்ந்துவிட்டதால் மின்சாரம் வர நாளானது. மின்சாரம் இல்லாமல் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, வீட்டுக் குழாயும் நின்றது. அப்போது எங்களைக் காப்பாற்றியது எங்கள் இரண்டு வீட்டுக்கும் எதிரே தெருவோரத்தில் இருந்த அடிபம்பு. ஊர்க்கோடிக் காலனியில் இருந்த பம்பு அந்தச் சமயம் பழுதாகிக் கிடந்ததால் அங்கிருந்தும் பெண்கள் குடங்களோடு இங்கே வந்தார்கள். ஒரே வரிசை. முன்னே வந்தவர் முன்னே, பின்னே வந்தவர் பின்னே.

அந்தப் புயலில் என் கணவர் கற்றுக்கொண்ட பாடம், அடிபம்பு இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதல்ல. இனி ஒரு நாளும் அந்த வரிசையில் நிற்கக் கூடாது என்பது.

"காலனிக்காரங்களோட நாம கொடத்த வெச்சிகினு நிக்கறதா? நம்ம ஊடு இன்னா ஊடு?" என்றார்.

அவர் ஒரு வேளைகூட நிற்கவில்லை. நின்றதெல்லாம் நான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே அவருக்குக் கௌரவம் போய்விட்டது.

அதற்குப் பிறகு வீடு தயாராக ஆரம்பித்தது. செல்போனில் யார் யாரோ பேசுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, எதற்கும் கலங்காத வீடு ஒன்றை அமைத்தே தீருவது என்று உட்கார்ந்தார். முதலில் இன்வெர்ட்டர் வந்தது. அதை மாடிப்படிக்குக் கீழே வைக்கலாம் என்று கொண்டுவந்தவர் சொன்னார். இவர் கேட்கவில்லை. வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி கூடத்தில், சாமி படத்துக்கு நேர்கீழே வைத்தார். பேட்டரிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்துச் சுற்றிப் போட்டார். எனக்குக் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்தபோதுகூட அவ்வளவு பக்தியோடு யாரும் ஆலம் சுற்றவில்லை.

"இதுல தண்ணி மோட்டார் ஓடுமா?" என்று கேட்டேன்.

"மோட்டார் எதுக்கு ஓடணும்? டேங்க்குதான் எப்பவும் ரொம்பி இருக்குமே. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு."

டேங்க் எப்போதும் நிரம்பியிருப்பதற்கு ஒரு கருவி பொருத்தினார். மாடித் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் இறங்கினால் மோட்டார் தானாகப் போட்டுக்கொள்ளும், நிரம்பினால் தானாக நின்றுகொள்ளும். மனுஷர் ஏறிப் பார்க்கவே வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னார். அதே மாதிரி யாரும் ஏறிப் பார்க்கவில்லை.

இதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்ததும் என் மூத்தார், இவர் அண்ணன், சும்மா இருப்பாரா? அவர் ஒரு ஜெனரேட்டரே வாங்கினார். மாடியில் ஒரு தொட்டிக்கு இரண்டாக வைத்தார். பிறகு இரண்டு பேரும் கார் வாங்கினார்கள். காரை நிறுத்த இடம் வேண்டும். தெருவோரத்தில் அடிபம்பு இடித்தது.

பல வருஷமாகப் பேசாத அண்ணனும் தம்பியும் அந்த ஒரு விஷயத்தில் பேசாமலே ஒத்துப்போனார்கள். சொல்லியனுப்பவும் ஆள் வேண்டியிருக்கவில்லை. இவர் காலையில் திண்டாடித் திண்டாடிக் காரைத் திருப்புவதை அவர் பார்த்தார், மறுநாள் அவர் திருப்புவதை இவர் பார்த்தார். அந்த வாரத்திலேயே யாரையோ கூட்டிவந்து பம்பைக் கழற்றி, குழியில் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். கார் ஒரு சாக்குதான். காலனிப் பெண்கள் அவசரத்துக்கு அந்தப் பம்புக்கு வருவதை நிறுத்துவதுதான் உள்ளே இருந்த நோக்கம். அவர்களில் ஒருத்தி, அரிசி ஆலையில் வேலை செய்கிறவள், குடத்தோடு வந்து மூடிய இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என் கணவர் வாசலுக்குப் போய், "இனிமே இங்க தண்ணி கெடையாது, உங்க பக்கமே பாத்துக்கோ" என்றார். அவள் குடத்தை இடுப்பில் திருப்பி வைத்துக்கொண்டு போனாள்.

"நாளைக்கி மறுபடியும் புயலு வந்தா?" என்று கேட்டேன்.

"வரட்டுமே! அதுக்குத்தான் இவ்ளோ செலவு பண்ணி வெச்சிருக்கேன்" என்று சிரித்தார்.

வந்தது. என் மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளை பெற்று, பச்சை உடம்பாக உள்ளறையில் படுத்திருந்தபோது வந்தது. பகலெல்லாம் காற்று. கமண்டல நாகநதியில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெரு முழுக்க ஒரே அடியாக அணைந்தது. எங்கள் வீட்டில் மட்டும் டக்கென்று விளக்கு எரிந்தது.

அந்தச் சாயங்காலம் என் கணவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேரன் பிறந்த அன்றுகூட அப்படி ஒரு வெளிச்சம் இல்லை. மழைச்சாரல் அடிக்கிறது, குழந்தைக்கு ஆகாது என்று நான் ஜன்னலைச் சாத்தச் சாத்த, அவர் திறந்து திறந்து விட்டார். வெளிச்சம் தெருவில் விழவேண்டுமாம். டிவியைப் போட்டார், எல்லா மின்விசிறியையும் ஓடவிட்டார். போன் சார்ஜ் போட வந்த அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு, "முன்னேற்பாடு வேணும்ங்க. நம்ம ஜனங்களுக்கு அந்த புத்தி கெடையாது" என்று உபதேசம் செய்தார். போன் சார்ஜ் ஆகிற வரைக்கும் அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலையில் இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. குங்குமம் மட்டும் அப்படியே இருந்தது.

அது போகட்டும். பல் தேய்க்கக் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. மாடிக்கு ஓடினோம். தொட்டி காலி, அடியில் ஒரு சொம்பு மொள்ளக்கூடத் தண்ணீர் இல்லை. இவர் திருட்டு என்றார். அண்ணன் வேலை என்றார். கடைசியில் மாடிக் கழிவறையில் ஃப்ளஷ் டேங்க்கின் அடைப்பு தேய்ந்து, சத்தமே இல்லாமல் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது தெரிந்தது. எத்தனை மாதமாக ஒழுகியதோ! ஒழுக ஒழுகத் தானியங்கி மோட்டார் நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. மின்சாரம் போனதும் நிரப்ப ஆளில்லை. கருவி வாங்கியவருக்கு ஒரு நாளாவது மாடி ஏறி, ஒரு மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

மழை நிற்பதற்குள் நான் அண்டா, தவலை, பேசின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மொட்டைமாடியில் பரப்பிப் பிடித்து வைத்திருந்த தண்ணீரில்தான் அன்றைய பொழுது போனது. மழைத் தண்ணீரால் சளி பிடிக்கும் என்று இவர் தடுத்ததைக் காதில் வாங்காமல் பிடித்தது. பிறகு மழை விட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வெயில் அடித்தது. குடிக்கிற தண்ணீர் கேன் போடுகிறவர் போனை எடுக்கவில்லை. பச்சைக்குழந்தை வீட்டில் தண்ணீர் எவ்வளவு வேண்டியிருக்கும் என்பது குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். துணி அலசவே குடம் குடமாகப் போகும்.

சுவருக்கு அந்தப் பக்கம் மூத்தார் வீட்டில் இரண்டு தொட்டியும் நிறையத் தண்ணீர் இருந்தது. என் ஓர்ப்படி, அவர் மனைவி, ஒரு பக்கெட்டைக் கொல்லைப்பக்கச் சுவருக்கு மேலாக எனக்கு எட்டிக் கொடுத்தாள். அவள் நல்லவள், அந்த வீட்டில் மாட்டிக்கொண்டவள், நான் இந்த வீட்டில் மாட்டிக்கொண்ட மாதிரி.

"ஜல்தியா வாங்கு, அவரு பாத்தாருன்னா பேஜாராயிடும்" என்றாள்.

அவர் பார்த்துவிட்டார். வாசலுக்குப் போனார், ஹோஸ் பைப்பைச் சொருகினார், சேறு தெறித்திருந்த காரைக் கழுவ ஆரம்பித்தார். தெருவில் யாருக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளில், தனக்கு இருக்கிறது என்று தம்பிக்குக் காட்டுவதற்காகக் கழுவினார். மேலே, கீழே, சக்கரத்துக்குள்ளே எல்லாம் கழுவினார். என் கணவர் ஜன்னலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அண்ணன் தம்பிக்குள் அதைவிட உருக்கமான சம்பாஷணை பல வருஷமாக நடந்ததில்லை.

சாயங்காலம் மூத்தாரின் இரண்டு தொட்டியும் காலி. ஜெனரேட்டரைப் போட்டு மோட்டாரை ஓட்டலாம் என்று பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார்கள். வாங்கிய நாளில் போட்ட உறை. உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஒயர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என்னைப் பார்த்து ஓர்ப்படியும் குடத்தோடு வந்தாள். இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து நடந்து போவதைத் தெரு வேடிக்கை பார்த்தது. காலனிக்காரர்கள் எங்கள் பம்பு போன பிறகு தங்களுக்குள் பேசிச் சேர்ந்து, பழுதாகிக் கிடந்த தங்கள் பம்பைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். அங்கே பெரிய வரிசை. எங்கள் தெருப் பெண்கள் சிலர் ஏற்கெனவே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள்.

பம்புக்குப் பக்கத்தில் நின்று வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தவள் அந்த அரிசி ஆலைப் பெண். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"வாங்க வாங்க. எங்க பக்கம்லாம் உங்களுக்கு வழி தெரியுமா?"

நான் குடத்தை இறக்கி வைத்து வரிசையில் நின்றேன். அவள் விடவில்லை.

"காரு நல்லா இருக்குதுங்களா?"

வரிசையில் சிரித்தார்கள். ஓர்ப்படி என் முழங்கையைப் பிடித்தாள், போய்விடலாம் என்கிற மாதிரி. நான் அசையவில்லை. அந்தப் பெண் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது? எங்கள் வீட்டு ஆண்கள் காதில் விழவேண்டிய கேள்வி எங்கள் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

எங்கள் முறை வந்தபோது அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"நீங்களே அடிச்சிக்குங்க. நான் அடிச்சி ஊத்தி, அப்புறம் உங்க ஊட்டுக்காரரு குடிக்கமாட்டேன்னுட்டாருன்னா, தண்ணி வீணாப்போவும்."

அடித்தேன். ஓர்ப்படியும் நானும் மாற்றி மாற்றி அடித்தோம். மூச்சு வாங்கியது. குடம் நிறையும்போது, வீட்டில் பச்சைக்குழந்தை இருக்கிறது என்று ஓர்ப்படி யாரிடமோ சொன்னது அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "பச்ச ஒடம்புக்காரி ஊடு. இன்னும் ரெண்டு கொடம் புடிச்சிக்கட்டும், வழி உடுங்க." யாரும் முணுமுணுக்கவில்லை. இன்னும் இரண்டு குடத்தை யாரோ இரவலாகக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார். "எங்கேர்ந்து கொண்டாந்தே?"

"காலனியிலேர்ந்து."

குடத்தை விட்டு ஓர் அடி தள்ளி நின்றார். பிறகு, "சரி, தொணி தொவைக்க வெச்சிக்கோ. குடிக்க வேணாம்" என்றார்.

"குடிக்க இன்னா பண்ணப்போறீங்க? இன்வெர்ட்டருக்கு ரெண்டு பட்டன் இருக்குதே, அதுல ஒண்ண அமுக்கிப் பாருங்க, தண்ணி வருதான்னு."

மதியம் அந்தத் தண்ணீரில்தான் சோறு வடித்தேன், ரசம் வைத்தேன். எதில் வைத்தாய் என்று கேட்காமல், இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கேட்டால் தெரிந்துவிடும் அல்லவா? அவருடைய கௌரவம் அப்படிப்பட்டது. கேள்வி கேட்காத வரைக்கும் அதற்கு ஒரு குறையும் வராது.

நான்கு குடம் எந்த மூலைக்கு? சாயங்காலம், "எனக்கு கையி தூக்க முடியல. நீங்க போங்க, இல்லன்னா பேரன் அழுக்குத் தொணியோட கெடக்கட்டும்" என்றேன். தலையில் துண்டைக் கட்டி, பாதி முகத்தை மூடிக்கொண்டு, ஸ்கூட்டரில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டித் தள்ளிக்கொண்டு கிளம்பினார். என்ன ஆகிறதென்று பார்க்க நானும் பின்னால் நடந்தேன். அங்கே போனால், கழுவித் துடைத்துப் பளபளவென்றிருந்த காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு மூத்தார் நிற்கிறார். உள்ளே அவருடைய டிரம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான் மொதல்ல வந்தேன்" என்றார் மூத்தார். சுவர் எழுப்பிய பிறகு அவர் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"வண்டிய மொதல்ல நிறுத்தனது நானு" என்றார் இவர்.

"அண்ணன் தம்பி பஞ்சாயத்த ஊட்டுல போயி வெச்சிக்குங்க" என்றாள் அரிசி ஆலைப் பெண். "ஒருத்தரு அடிங்க, ஒருத்தரு டிரம்ம புடிங்க. பின்னாடி ஆளுங்க நின்னுகினு இருக்காங்க."

அடித்தார்கள். மூத்தார் அடிக்க இவர் டிரம்மைப் பிடித்தார், பிறகு இவர் அடிக்க அவர் பிடித்தார். இரண்டு பேருக்கும் வேட்டி நனைந்து, துண்டு அவிழ்ந்து, முகம் ஊருக்கே தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. அதுதான் அவர்களுக்கு இன்னும் வலித்திருக்கும்.

சில நாள் கழித்து மின்சாரம் வந்தது. தெருவே ஹோவென்று கத்தியது. மோட்டார் ஓடியது, இன்வெர்ட்டர் மறுபடி பச்சை விளக்கோடு விழித்துக்கொண்டது. என் கணவருக்கு நடந்ததெல்லாம் மறந்துபோனது.

குழந்தைக்குப் பெயர் வைக்கப் போளூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்ததுமே இவர் ஆரம்பித்தார்.

"ஊர்ல எல்லாரும் தவிச்சிப் போயிட்டாங்க சம்பந்தி. நம்ம ஊட்ல ஒரு கொறையும் இல்ல. எல்லாம் முன்னேற்பாடு. கொழந்தைக்கி வெந்நீரு ஒரு நாளு நிக்கல."

சம்பந்தியம்மா இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "வெந்நீரு நிக்கல, நெஜந்தான். ஆனா தண்ணி காலனி பம்புலேர்ந்து வந்துச்சி. நானும் என் ஓர்ப்படியும் தூக்கிகினு வந்தோம். அப்புறம் இவரும் போயி அடிச்சாரு."

இவர் முகம் கறுத்தது. சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற பயம். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற இதே பயத்தில்தானே பம்பையே பிடுங்கினார்! என் மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தியம்மா டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"அப்படியா? அவ்ளோ ஒத்தாச பண்ணவங்கள விசேஷத்துக்கு கூப்புடலியா?"

கூப்பிடவில்லை. இவரைத் திட்டிக்கொண்டே இருந்த எனக்கும் அது தோன்றவில்லை.

மறுநாள் ஓர்ப்படியும் நானும் பழமும் இனிப்பும் வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். ஆலையிலிருந்து வந்து தவிடு படிந்த தலையை உதறிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். தட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். நான் என்னென்னவோ நன்றி சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்ங்க. உங்க தெருவே வந்து அடிச்சி அடிச்சி எங்க பம்பு வாஷரு போயிடுச்சி. இப்ப கையி ஓயற வரைக்கும் அடிச்சாத்தான் தண்ணி வருது. அத மாத்திக் குடுக்கச் சொல்லுங்க."

வந்து சொன்னேன். மூத்தாருக்கும் ஓர்ப்படி சொன்னாள். ஒருவர் முதலில் போய் மாற்றிவிட்டால் மற்றவருக்குப் பெயர் கிடைக்காமல் போய்விடும் என்பதால் இரண்டு பேரும் ஆளைக் கூட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் ஓடினார்கள். வாஷர் மாற்றியாயிற்று. கையோடு என் கணவர் ஒரு பெயின்டரையும் அழைத்துப் போயிருந்தார். பம்பு மேல் 'உபயம்' என்று போட்டு அண்ணன் தம்பி பெயரை எழுதுவதற்கு. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று அங்கேயே தகராறு ஆரம்பித்ததாம்.

அந்தப் பெண் பெயின்டர் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி டப்பாவுக்குள் போட்டிருக்கிறாள்.

"நீங்க குடுத்தது வாஷருதானே? பேரு எழுதணும்னா அதும்மேல எழுதி உள்ள போட்டிருக்கணும். இப்ப மூடியாச்சி, போங்க."

இதை என் கணவர் எனக்குச் சொல்லவில்லை. ஓர்ப்படிதான் சுவருக்கு மேலாக எட்டி, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். உள்ளே என் கணவர் போனில் யாரிடமோ, இதைவிடப் பெரிய பேட்டரி ஒன்று என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.